மூணாறு குளிருக்கு என்ன சாப்பிடுவது? அம்மாவுக்கு மிளகும் சுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை

கம்பத்துக்காரன்:
வேலை மாற்றலாகி கம்பத்திலிருந்து செண்டுவாரைப் பக்கம் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட முடியவில்லை, புல் மேலெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற அக்காமார் சுக்குக்காப்பி குடி, மிளகு ரசம் வை, பூண்டை வதக்கிப் போடு என்கிறார்கள். அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல், பழைய அல்சர் வேறு. இதையெல்லாம் சாப்பிட்டால் நெஞ்செரிச்சலில் ராத்திரி தூக்கமில்லை, விட்டுவிட்டால் கை கால் விறைக்கிறது என்கிறார். எட்டு மாதக் குழந்தைக்கும் தேனில் சுக்கைக் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்கள். மலையிலேயே இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

தேயிலைக்காடு:
தம்பி, குழந்தைக்குத் தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடிகிற வரை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும், அது பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்பைத் தளர்த்திவிடும், கொதிக்கவைத்தாலும் அந்த வித்து சாகாது. கேழ்வரகுக் கஞ்சியை வெதுவெதுப்பாகக் கொடுங்கள், அது போதும்.

அம்மாவுக்கு உளுந்தங்கஞ்சி வையுங்கள். புழுங்கலரிசி, அதில் பாதி தோலோடு கருப்பு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உரித்த பூண்டு ஏழெட்டுப் பல், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைய வேகவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றி உப்புப் போட்டால் சரி. பூண்டு கஞ்சியோடு சேர்ந்து வெண்ணெய் மாதிரி வெந்துவிடும், வதக்கின பூண்டு மாதிரி வயிற்றைக் கடிக்காது. ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பிடவைத்து, படுக்கப் போவதற்கு முன் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.

குமுளி மருந்துக்கடை:
மேலே அக்கா சொன்னதுதான் சரி, அதன் காரணத்தையும் சொல்கிறேன். மிளகும் மிளகாயும் சூட்டை உணர்கிற நரம்பைத் தூண்டிவிடுகின்றன, அவ்வளவுதான். உடம்பு தனக்குச் சூடு ஏறிவிட்டது என்று எண்ணி வேர்க்கிறது, வேர்வை காயும்போது இருக்கிற சூடும் வெளியே போகிறது. நிஜமான சூடு வயிறு நிறையச் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்துதான் வரும். புரதத்தில் இருக்கும் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கும்போதே சூடாக மாறுகிறது. மாவுச்சத்தில் இது 5 முதல் 10, கொழுப்பில் 3-ஐத் தாண்டாது. அதனால் முட்டை, பருப்பு, மீன், இதில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.

இன்னொன்று. எப்போதும் கை கால் சில்லென்று இருக்கிறது என்றால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் கஷாயம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் இஞ்சி, பூண்டு அதிகம் வேண்டாம்.

போடி ஏலக்காய்:
மருந்துக்கடைக்காரர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக மிளகை ஒதுக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். மூக்கடைத்து வாய் கசந்து கிடக்கும்போது ஒரு வாய் சோறு இறங்க மிளகு ரசத்தைப் போல வேறு எது இருக்கிறது? அல்சர் இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். இடுக்கிப் பக்கம் மிளகு பறிப்பு இப்போதுதான், கொடி வைத்திருப்பவர்களிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், மேலே மிதப்பது பப்பாளி விதையாக இருக்கலாம்.

சுக்குக்காப்பி வைப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சுக்குக்குப் புறத்தே நஞ்சு என்பார்கள், மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். சுக்கு ஒரு பங்கு என்றால் மல்லி இரண்டு பங்கு, ஏலக்காய் இரண்டு, மிளகு பேருக்கு நாலே நாலு, இனிப்புக்கு மறையூர் வெல்லம். காலையில் வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். பலகாரம் சாப்பிட்ட பிறகு அரை டம்ளர் குடித்தால் போதும்.

கம்பத்துக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேனை இன்றைக்கே நிறுத்திவிட்டோம். அக்கா, இங்கே கிடைக்கிற காந்தளூர்ப் பூண்டு சின்னதாக, நெடி அதிகமாக இருக்கிறதே, கஞ்சிக்கு அதையே போடலாமா?

தேயிலைக்காடு:
தாராளமாகப் போடலாம் தம்பி. அது மலைப்பூண்டு, காரம் கூடுதல், அதனால் நாலு பல் போதும். அரிசி, உளுந்தோடு சேர்த்தே போட்டு வேகவிடுங்கள், கடைசியில் போட்டால் நெடி போகாது.