கோத்தகிரியில் பழைய எலெக்ட்ரானிக் ஆர்கன் மூன்று, ஒரே மொத்தமாக: வாங்கி விற்கலாமா?

தேயிலைமேடு:

கோத்தகிரி பக்கம் ஒரு தோட்ட பங்களாவைக் காலி செய்கிறார்கள். மூன்று ஆர்கனையும் சேர்த்துத்தான் தருவார்களாம், பிரித்துத் தரமாட்டார்கள். கீபோர்டு வாங்கி விற்பது எனக்குப் பழக்கம். இந்தப் பெரிய பெட்டிகள் புதிது.

1. ஹாமண்ட் எம்-3. தகட்டில் 117 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று இருக்கிறது. சில வருடமாக யாரும் போடவில்லை.
2. யமஹா எலெக்டோன், 70களின் மாடல், 100 வோல்ட், 50/60. ஓடுகிறது. ஆனால் வால்யூம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் முனகல்தான்.
3. பெயர் உரிந்துபோன டிரான்சிஸ்டர் ஆர்கன், இரண்டு மேனுவல் (கட்டை வரிசை). எஃப் ஷார்ப் மட்டும் எந்த ஆக்டேவிலும் பேசவில்லை. கூடவே ஓயாத உறுமல்.

எதற்கு விலை உண்டு, எது விறகு? போய்ப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

சோல்டர்_குன்னூர்:

முதலில் ஹாமண்ட். அதில் விலையைத் தீர்மானிப்பது பெயர் அல்ல, அந்த 60 சைக்கிள்தான். ஒலியைப் பிறப்பிக்கும் சக்கரங்களான டோன்வீலைச் சுற்றுவது சிங்க்ரனஸ் மோட்டார். அது மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சிக்கு ஏற்பத்தான் சுற்றும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் போட்டால் 440 வர வேண்டிய ஏ, 366.7இல் வரும். அதாவது சி அழுத்தினால் ஏ கேட்கும், அதுவும் சரியான ஏ இல்லை, இன்னும் 16 சென்ட் (பக்கத்துக் கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே. மூன்று கட்டை தள்ளி வாசித்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கூட வாசிக்கும் கிட்டாரோடு சேராது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஃப்ரீக்வென்சியைத் தொடாது. போதாக்குறைக்கு, 60க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும்.

வழி இருக்கிறது. 117 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் தரும் சுத்தமான சைன்வேவ் கன்வெர்ட்டரை ஸ்டார்ட், ரன் மோட்டார் இரண்டுக்கும் மட்டும் கொடுத்து, ஆம்ப்ளிஃபயரை, அந்தச் சூட்டைக் கவனித்துக்கொண்டு, சாதாரண ஸ்டெப்-டவுனில் ஓட்டலாம். மோட்டாருக்கு மட்டும் என்பதால் சின்ன கன்வெர்ட்டரே போதும். வீட்டு யூபிஎஸ் இதற்கு ஆகாது, அதன் வெளியீடும் 50தான்.

பார்க்கப் போகும்போது உடனே சுவிட்சைத் தட்டாதீர்கள். சில வருடம் நின்ற ஜெனரேட்டரில் (டோன்வீல்கள் இருக்கும் பகுதி) எண்ணெய் வற்றியிருக்கும். மேல்மூடியைத் திறந்தால் எண்ணெய்க் குழிகள் தெரியும். டோன்வீல் ஆர்கனுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை விட்டு, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். நூல் வழியாகத்தான் அது ஒவ்வொரு பேரிங்குக்கும் இறங்கும், அவசரப்பட்டால் நடக்காது. தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40 இரண்டும் கூடாது. பிசினாக இறுகி நூலையே அடைத்துவிடும்.

போடும் முறை: ஸ்டார்ட் சுவிட்சை 8 விநாடி பிடியுங்கள். அதை விடாமலே ரன் போடுங்கள். இன்னும் 4 விநாடி கழித்து ஸ்டார்ட்டை விடுங்கள். மார்கழிக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், இன்னும் சற்று அதிகம் பிடிக்க வேண்டும். கீச்சிட்டாலோ ஓடாமல் முனகினாலோ நிறுத்திவிடுங்கள்.

அதற்கும் முன்னால், டிரான்ஸ்ஃபார்மருக்கு முன் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஒருமுறை சப்ளை கொடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கவே இல்லை என்றால் உள்ளே ஷார்ட். பல்பு இருக்கும்போது மோட்டார் எடுக்காமல் போகலாம், அதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். வோல்ட்டை மெல்ல ஏற்றும் டிம்மர்ஸ்டாட் கையில் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே வால்வு ஆம்ப்: சுமார் 300 வோல்ட் டிசி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும். பழைய பங்களா பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சில கட்டைகள் மட்டும் கரகரத்தால் பயம் வேண்டாம். கட்டைகளின் கான்டாக்ட் தொடும் கம்பியான பஸ்பாரைக் கொஞ்சம் நகர்த்தும் ஸ்க்ரூ இருக்கிறது, அரைத் திருப்பு திருப்பினால் கான்டாக்ட் புது இடத்தில் உட்காரும்.

கருங்கட்டை:

2, 3 பற்றி.

எலெக்டோன் முனகுவது பெரும்பாலும் பெடலுக்குள் இருக்கும் சின்ன பல்புதான். அந்தக் கால ஆர்கன் பலவற்றில் பெடல் நேராக வால்யூமைத் திருப்பாது. ஒரு பல்பின் ஒளியை மறைக்கும் தகட்டை நகர்த்தும், எதிரே எல்டிஆர் (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) இருக்கும். பல்பு போனால் எப்போதும் இருட்டு, எப்போதும் குறைந்த சத்தம். பெடலைக் கழற்றி எல்டிஆர் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். சத்தம் எழும்பினால் அதே வோல்ட் பல்பு ஒன்று போதும். விற்பவரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி. நானாக இருந்தால் பேரம் முடியும்வரை டார்ச்சை வெளியே எடுக்கமாட்டேன்.

ஜப்பானில் பாதி நாடு 50, பாதி நாடு 60. அதனால்தான் தகட்டில் இரண்டும் போட்டிருக்கிறது. இதில் சுருதி கரண்ட்டைச் சார்ந்ததும் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டாதீர்கள், பத்து சதவீதம் அதிகம். நம் மலையில் இரவு பதினொன்றுக்கு மேல் லைன் வோல்ட் ஏறும்போது அது இன்னும் கூடும். கோயம்புத்தூரில் வைண்டிங் செய்பவரிடம் 230க்கு 100 என்று சொல்லி, தகட்டு வாட்டைப் போல ஒன்றரை மடங்கு விஏவில் கட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவதில் எல்லா எஃப் ஷார்ப்பும் ஒன்றாகச் செத்தது நல்ல செய்தி. சுரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மாஸ்டர் ஆசிலேட்டர் (சுரத்தைப் பிறப்பிக்கும் சர்க்யூட்) உள்ள பழைய வகையாக இருந்தால், அந்த ஒரு போர்டு மட்டும்தான் பழுது. பக்கத்து போர்டை மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேல் ஆக்டேவ் பேசிக் கீழே மட்டும் செத்திருந்தால் இடையில் ஒரு டிவைடர் (மேல் சுரத்தைப் பாதியாக்கிக் கீழ் ஆக்டேவ் தரும் சர்க்யூட்) போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு கட்டை மட்டும் என்றால் கான்டாக்ட். கவலைப்பட வேண்டியது பன்னிரண்டு சுரத்தையும் ஒரே டாப்-ஆக்டேவ் ஐசி தரும் வகைக்குத்தான். அந்த ஐசிக்கள் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய சரக்கு கிடைத்தாலும் இந்த ஆர்கன் விற்கும் விலைக்குக் கட்டுபடியாகாது.

உறுமல் 100 ஹெர்ட்ஸாக இருந்தால் பவர் சப்ளையில் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடிய வோல்ட், துருவம் மாறாமல் போடுங்கள்.

கோடைமழை:

கொடைக்கானலில் இருந்து. எலெக்ட்ரானிக்ஸை மேலே சொல்லிவிட்டார்கள், நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், இங்கே பணம் போவது அதில்தான். அடிப்பலகையைக் கை வைத்து அழுத்துங்கள். பார்ட்டிகிள் போர்டு ஊறி உப்பியிருந்தால் லாரி ஏறும்போதே கால் கழன்றுவிடும். பின்மூடியைக் கழற்றி எலி மூக்கை வைத்த இடம் பாருங்கள். கடித்த வயரைச் சேர்க்கலாம், எலி மூத்திரம் அரித்த போர்டை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைப் பூஞ்சை துடைத்தால் போகும். கட்டைக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட்டில் பிடித்திருந்தால் கட்டை எழும்பாது, ஃபெல்ட்டையே மாற்ற வேண்டும். விற்கும்வரை உள்ளே 15 வாட் குண்டு பல்பு ஒன்று எரியட்டும். குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அதை அணைக்கவே வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் அந்த ஈரத்துக்குப் பத்தாது.

பெடல்போர்டு:

விற்பனை பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் கஷ்டமான பகுதி. மலையில் சபைகளுக்கு இன்று வேண்டியது டிரான்ஸ்போஸ் உள்ள, இருவர் தூக்கும் கீபோர்டு. கீர்த்தனைக்கு ஆள் மாறினால் சுருதி மாறும், இந்த மூன்றிலும் அதற்கு வசதி இல்லை. ஞானப்பாட்டுக்குப் பெடலோடு ஆர்கன் தேடும் சபை 30 அல்லது 32 பெடல் கேட்கும். எம்-3இல் 12தான். ஆக ஹாமண்டை வாங்குவது சமவெளி ஸ்டுடியோக்களும் அந்தச் சத்தத்தைத் தேடும் கலைஞர்களும். அவர்களுக்குக் கன்வெர்ட்டரோடு, ஓடும் நிலையில், எல்லாக் கட்டையும் ஒவ்வொன்றாக வாசித்த வீடியோ வேண்டும். ஓடாத ஹாமண்ட் என்றால் பாகங்கள் விலைதான். எலெக்டோன் பொறுமையாக விற்கும், பிள்ளை படிக்க என்று யாராவது வருவார்கள். மூன்றாவதை உதிரிக்கு என்றே கணக்கு வையுங்கள்: எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவெர்ப் டப்பா, ஸ்பீக்கர், பெஞ்ச்.

மொத்த விலையைக் கேட்கும்போது எலெக்டோன் ஒன்றுக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்கு மேல் போகாதீர்கள். ஒரு கடிதம் வாங்குங்கள்: மூன்றின் சீரியல் எண், கொடுப்பவர் கையெழுத்து. சபைச் சொத்து கைமாறி பங்களாவுக்கு வந்திருந்தால் கமிட்டித் தீர்மான நகல் இல்லாமல் தொடாதீர்கள்.

தேயிலைமேடு:

டார்ச் அடித்ததும் எலெக்டோன் சத்தம் போட்டது! மூன்றாவதில் பன்னிரண்டு தனி போர்டு இருக்கிறது. எம்-3க்கு எண்ணெய் ஆர்டர் போட்டாயிற்று. மேட்டுப்பாளையம் இறக்க என்ன செய்ய வேண்டும்?

சோல்டர்_குன்னூர்:

எம்-3க்கு நான்கு பேர். பெடலையும் மியூசிக் ஸ்டாண்டையும் தனியாகக் கழற்றுங்கள். ஜெனரேட்டர் ஸ்பிரிங்கில் மிதக்கும், அதை இறுக்கும் போல்ட்டைப் போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது இடிபடும். நின்ற நிலையில், முதுகு கேபின் பக்கம் சாய்த்து, பட்டை பெல்ட் இரண்டு. கம்பளி, அதன் மேல் தார்ப்பாய்.

குளிர்ந்த பெட்டி கீழே வெக்கையில் இறங்கியதும் உள்ளே வியர்க்கும். ஒரு நாள் மூடியைத் திறந்து வையுங்கள், பிறகு அந்தப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு சப்ளை கொடுங்கள்.

பெடல்போர்டு:

கோயம்புத்தூர் வண்டி மேலே வருவதாக இருந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். பெஞ்ச் மூன்றையும் மறக்காமல் ஏற்றுங்கள்.