புதுப்பிப்பு: கொல்லை வேலிக்குக் கிளுவை, 8 மாதத்துக்குப் பிறகு

திருமங்கலம் பக்கம் கரிசல் மண். 60 அடி நீளத்துக்குத் தெருவிலிருந்து கொல்லை தெரியாமல் மறைக்க வேண்டும், சுவர் எழுப்பக் காசில்லை என்று போன புரட்டாசியில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது கிளுவைப் போத்துதான் (கிளுவை மரத்தில் வெட்டி நடும் கிளை). வெட்டியதும் நடாமல் நாலு நாள் நிழலில் போடச் சொன்ன அண்ணன் பேச்சைக் கேட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அரை அடிக்கு ஒன்றாக, ஒரு அடி ஆழத்தில் ஊன்றி, குறுக்கே மூங்கில் தப்பை வைத்துக் கட்டினேன். 120 போத்தில் 14 மட்டும் பட்டுப்போனது. செலவு தப்பை, கயிறு, ஒரு ஆள் கூலி, அவ்வளவுதான்.

எதிர்பாராதது பங்குனியில். இலையெல்லாம் கொட்டி, கொடியில் காயும் துணிவரை தெருவுக்குத் தெரிந்தது. செத்தே போச்சு என்று ஒன்றை நகத்தால் கீறினால், உள்ளே பச்சை! கோடையில் கிளுவை இப்படித்தான் மொட்டையாக நிற்குமாம். யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் உள்பக்கம் ஒரு வரிசை ஆடாதோடைக் குச்சி வைத்து, பாத்திரம் கழுவும் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். இடுப்பளவு வந்துவிட்டது. கிளுவைத் தளிரை மேய்ந்த பக்கத்து வீட்டு ஆடு இதில் வாய் வைக்கவில்லை.