பாராமோட்டார்: பெயர் சிறகுக்கா, பொறிக்கா?

அன்பர்களுக்கு வணக்கம்.

முதுகில் பொறியைக் கட்டிக்கொண்டு துணிச் சிறகில் பறக்க உதவும் பாராமோட்டாருக்குத் தமிழில் ‘விசைவான்குடை’ என்றொரு முன்மொழிவு வந்திருக்கிறது. விசைத்தறியும் விசைப்படகும் வழக்கில் இருப்பதால் ‘விசை’ பொருந்தும். இடிப்பது ‘வான்குடை’ (பாராசூட்) தான். வான்குடை விழும் வேகத்தைக் குறைப்பது, இதுவோ பறப்பது. துணியின் முன்விளிம்பில் உள்ள வாய்கள் வழியே காற்று புகுந்து அறைகளை விறைப்பாக்கும். அதனால்தான் துணிக்கு இறக்கை வடிவம் கிடைக்கிறது. டொமினா ஜால்பெர்ட் 1960களில் வடிவமைத்த பல அறைத் துணி இறக்கையே இதற்கு மூலம். ஆகவே ‘வளிச்சிறகு’ என்கிறேன். ‘சிறை’ என்றாலும் சிறகுதான் என்பதால் ‘வளிச்சிறை’ இன்னும் செறிவு. ஆனால் ‘சிறையில் நான்கு நண்பர்கள்’ என்று செய்தி வந்தால் வாசகர் ஜாமீன் எடுக்கக் கிளம்பிவிடுவார்.

---

> ஆகவே ‘வளிச்சிறகு’ என்கிறேன்.

ஐயா, சிறகுக்கு ஒப்புகிறேன். ஆனால் பறப்பவர்கள் பேச்சில் பாராமோட்டார் என்பது சிறகு அல்ல. பொறி, கூண்டு, விசிறி, இருக்கைவார் எல்லாம் சேர்ந்து முதுகில் ஏறும் 20–30 கிலோ சுமை. அதற்கு ‘முதுகுப்பொறி’. சிறகோடு சேர்த்துச் சொல்ல ‘விசைச்சிறகு’. பொறியில்லாத சிறகுக்குப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் ‘பாராபாந்த்’ என்ற பெயரில் மலைச்சரிவு (பாந்த்) இருக்கிறது. பொறி வந்தபின் சமவெளி வயலே போதும் என்பதால் அதை மொழிபெயர்ப்பதில் பயனில்லை.

சிறகின் பின்விளிம்பை இழுக்கும் இரு கைக்கயிறுகளான பிரேக்குக்குத் ‘தடைக்கயிறு’ வேண்டவே வேண்டாம். இடதை இழுத்தால் இடப்பக்கப் பின்விளிம்பு தாழ்ந்து சிறகு இடப்புறம் திரும்பும். இரண்டையும் இழுத்தால் வேகம் குறையும். அளவு மீறினால் சிறகு பறக்கும் நிலையையே இழக்கும். ‘தடை’ என்று படித்த புதியவர் பதற்றத்தில் அதை இழுத்துப் பிடிப்பார். ‘கடிவாளம்’ என்றால் விளக்கமே தேவையில்லை.

---

அகராதியில் ஏற்றுமுன் இச்சொற்களை ஒரு மாலைப் பறத்தல் குறிப்பில் போட்டுப் பார்த்தேன்:

“கதிர் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வயலுக்கு வரவும், உழுத நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். முதுகுப்பொறி டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோல் லிட்டருக்கு 20–25 மி.லி. ஆயில் கலக்கவும் (பொறியின் கையேடு சொல்லும் விகிதமே இறுதி). மணிக்கு 3–5 லிட்டர் செலவாகும். அறுவடைத் தாளில் சிறகின் இழைகள் (சிறகைப் பறப்பவரோடு இணைக்கும் மெல்லிய கயிறுகள்) சிக்கும், ஒவ்வொன்றாக விடுவிக்கவும். தொய்ந்த இழையை விசிறி உள்ளே இழுத்துவிடும். எதிர்காற்றில் ஓடவும். சிறகு தலைக்கு நேர்மேலே வந்தபிறகே முழு விசை. முந்தினால் சிறகு பின்தங்கும். நண்பரின் சிறகுக்குப் பின்னால், சற்றுக் கீழே போக வேண்டாம். அங்கே அவர் விட்டுச்சென்ற சுழிக்காற்று இருக்கும். வயலுக்கு மேல் மின்கம்பியைத் தேடாமல் கம்பங்களைத் தேடவும். கம்பி கண்ணில் படாது. தரைக்கு அருகே விசையை நிறுத்தி, கால் படுமுன் இரு கடிவாளங்களையும் முழுதும் இழுக்கவும்.”

கடிவாளமும் முதுகுப்பொறியும் தேறிவிட்டன. சறுக்கியது ‘விசை’. ‘முழு விசை’யில் அது உந்துதல், ‘விசைச்சிறகு’ என்பதில் மோட்டார், விசைப்பலகை பழகியவருக்கோ அது பொத்தான். ‘விசையை நிறுத்தி’ என்பதைப் படிப்பவர் முடுக்கத்தைக் குறைத்தால் போதும் என்று நினைக்கலாம். விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். இறங்கிய சிறகு பின்னால் சரியும்போது இழைகள் அதில் மாட்டும்.

ஆகவே ‘விசை’ பெயரில் மட்டும் இருக்கட்டும். கைப்பிடி ‘முடுக்கி’, கட்டளை ‘முழு முடுக்கு’, பொறியை அணைக்கும் பொத்தான் ‘அணைப்பான்’. ஆனால் ‘அணைப்பான்’ என்றதும் தீயணைப்பான் நினைவுக்கு வருகிறது. இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.