வன்னிக் கரைக்கு லீவில் வருகிறீர்களா? முதலில் காற்றைக் கேளுங்கள்

பரந்தன் பெடியன்:

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் குடும்பம் போன மார்கழியில் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிக்கு வந்தது. வருவதற்கு முன்பே நாள்வாரியாகத் திட்டம் போட்டு அனுப்பிவிட்டான். முதல் நாள் முல்லைத்தீவில் கடல்குளிப்பு, இரண்டாம் நாள் நாயாற்றில் படகு, அடுத்தது மன்னார். கூகுளில் பார்த்த படங்கள் எல்லாம் வெயில் காலத்தில் எடுத்தவை. அது அவனுக்கும் தெரியாது, உண்மையைச் சொன்னால் நானும் யோசிக்கவில்லை.

26ஆம் திகதி காலையில் வான் ஒன்றில் ஏறி வெளிக்கிட்டோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வழி முழுக்கத் தூறல். வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் விளிம்பு தொட்டு நின்றது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல் வாய். ஒரு வாகனம் போனால் மற்றது பொறுத்திருக்க வேண்டிய ஒடுக்கப் பாலம் அது. பின்சீற்றில் இருந்த பிள்ளைகள் அதுவரை ஐபாட்டில் இருந்தார்கள். அங்கேதான் தலை நிமிர்த்தினார்கள்.

கரைக்குப் போனால் நீச்சலுடுப்போடு நிற்கிற எங்கள் பிள்ளைகளைத் தவிர, எல்லோரும் பூவும் மெழுகுதிரியுமாக நிற்கிறார்கள். 2004 சுனாமி வந்த நாள் என்பது எங்களுக்கு நினைவிலேயே இல்லை. மச்சாள் ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குத் துவாய் போர்த்தினார். எனக்கு மண்ணுக்குள் புதைய வேண்டும் போல இருந்தது.

மீனவர் வாடியொன்றின் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயாதான் கூப்பிட்டு இருத்தினார். ஒருத்தரையும் குறை சொல்லவில்லை. கடலைக் கைகாட்டி, "தம்பி, வாடை எழும்பி நிக்குது. இது இப்ப குளிக்கிற கடல் இல்லை. நாங்களே போட்டை மேல ஏத்திப்போட்டு இருக்கிறம்" என்றார். பிறகு பிளேன்ரீ வந்தது. அதைக் குடித்துக்கொண்டே அவர் சொன்ன கணக்கு இது. ஐப்பசியிலிருந்து தை வரை கிழக்குக் கரை வாடைக்கு, அதாவது வடகிழக்குக் காற்றுக்குச் சொந்தம், மழையும் அலையும்தான். சித்திரைக்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் அது தரையிலிருந்து கடலுக்குப் போகும், முல்லைத்தீவுக் கடல் குளம் மாதிரிப் படுத்துவிடும். மேற்குக் கரையான மன்னாருக்கு இது அப்படியே மாறி. "இரண்டு கரையையும் ஒரே லீவில பார்க்க நினைச்சால் ஒண்டு உங்களை ஏமாத்தும்" என்றார்.

சரி என்று திட்டத்தைக் கிழித்துவிட்டு அடுத்த நாளே பூநகரி, முழங்காவில், விடத்தல்தீவு வழியாக மன்னாருக்கு விட்டோம். அங்கே மச்சானின் பட்டியலில் இல்லாததுதான் கிடைத்தது. மன்னார் தீவுக்குப் போகும் தாம்போதி வீதியின் இரண்டு பக்கமும் சேற்றுநிலம், அதில் பூநாரைகள். தூரத்தில் பார்க்க வெள்ளைக் கோடு போலத்தான் இருந்தது. ஒன்று எழும்ப, எல்லாம் எழும்பின. செட்டைக்கு அடியிலிருந்த சிவப்பு அப்போதுதான் தெரிந்தது. சின்னவன் "பின்க், பின்க்" என்று கத்தி வானை நிறுத்தவைத்தான். வங்காலைப் பறவைகள் சரணாலயம் பக்கத்தில்தான். அது 2010இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். வடக்கே குளிர் தாங்காமல் வரும் பறவைகளுக்கு வாடைக்காலம்தான் லீவு. திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் கால் நனைத்தோம், பள்ளிமுனையில் பெருத்த அடியுள்ள பெருக்கமரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பார்த்தோம், ஆள் போதவில்லை. மன்னார் பஸ் நிலையத்தடியில் கழுதைகள் நின்றதைத்தான் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள், பூநாரையை அல்ல.

முள்ளியவளைக்காரி:

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். கச்சான் காலம் என்று கேள்விப்பட்டு வைகாசியில் வருகிறவர்களுக்கு.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வரும். அந்தக் கிழமை முல்லைத்தீவு, முள்ளியவளைப் பக்கம் தங்க ஒரு திண்ணைகூடக் கிடைக்காது. போன முறை என் பெரியம்மாவின் வீட்டில் இருபத்திரண்டு பேர் பாய் போட்டுப் படுத்தோம். ஆனால் வாருங்கள். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதை ஒருதரம் பார்க்க வேண்டும். வெயில் மட்டும் சும்மா கொல்லும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இல்லாமல் வெளிக்கிடாதீர்கள்.

இன்னொன்று. அதே மாதம் மே 18, 2009இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த நாள், வருகிறது. அந்த நாட்களில் ரோட்டோரத்தில் பானை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். என் அண்ணன் மகன் லண்டனில் பிறந்தவன். முள்ளிவாய்க்கால் பக்கம் கார் போகும்போது கடலைக் கண்டுவிட்டு, "அத்தை, இங்கே பீச் வடிவாக இருக்கிறதே, இறங்குவோமா?" என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சந்தியில் காரை நிறுத்தினேன். ஒரு அம்மா சிரட்டையில் கஞ்சி ஊற்றி நீட்டினார். அரிசியும் தண்ணீரும் உப்பும், வேறு ஒன்றுமில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது சாப்பாடா?" என்று என்னைப் பார்த்தான். "2009இல் இங்கே இதுதான் சாப்பாடு, தம்பி" என்றார் அந்த அம்மா. அவன் சிரட்டையை வழித்துக் குடித்தான். போனை எடுக்கவில்லை.

அந்தக் கரையில் குளிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் நான் குளிக்கமாட்டேன். அலம்பில், செம்மலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போவேன்.

கள்ளப்பாட்டு மருமகன்:

ஆவணியில் வாங்கோ, அவ்வளவுதான் நான் சொல்லுவது. விடிய ஐந்தரைக்கு முல்லைத்தீவில் கள்ளப்பாட்டுக் கரைக்குப் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். படகு அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வரும், இரண்டு கயிறும் கரைக்கு வரும், இரண்டு பக்கமும் ஆட்கள் பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பார்கள். மீன் சேரும் மடி கடைசியில்தான் வரும். அது வந்து சேரும்வரை வலைக்காரரான சம்மாட்டி வாய் திறக்கமாட்டார். சும்மா நின்று படம் எடுக்காமல் கயிற்றில் ஒரு கை வையுங்கள், கறிக்குச் சூடையோ நெத்தலியோ கட்டாயம் தருவார்கள். எனக்கு மாமனார் வீட்டில் மரியாதை கிடைத்ததே அப்படித்தான்.

பெற்றோலை ஏ9 வீதியிலேயே நிரப்புங்கள். மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியில் இருட்டின பிறகு ஓடவேண்டாம், யானை. காட்டோரம் சிவப்புப் பலகை கண்டால் உள்ளே கால் வைக்காதீர்கள், கண்ணிவெடி எடுத்து இன்னும் முடியவில்லை.

பரந்தன் பெடியன்:

இதையெல்லாம் மச்சானுக்கு அனுப்பினேன். ஆவணிக்கு டிக்கெட் போட்டுவிட்டான். நேற்று இரவு திரும்ப எடுத்து, "அப்படியே ஒருநாள் தலைமன்னாரிலயிருந்து போட் எடுத்து மணல்திட்டும் பார்ப்பமே?" என்கிறான். அந்த மாதம் அங்கே காற்றோடு சேர்ந்து மணல்தான் முகத்தில் அடிக்கும் என்றேன். கண்ணாடி கொண்டு வருகிறானாம்.