ஜேட்ஸ் பேரடையின் தொலைவு 1350 கோடி ஒளியாண்டா, 3400 கோடி ஒளியாண்டா?

செம்பெயர்ச்சி:
நேர்கோடு அவர்கள் நேற்றுப் பகிர்ந்த கட்டுரையில், வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டறிந்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்னும் விண்மீன் பேரடை "நம்மிடமிருந்து 1350 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது" என்று எழுதப்பட்டிருந்தது. இந்த ஒரு வரியைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1350 கோடி ஆண்டுகள் ஆயின என்பது சரி. ஆனால் அந்தக் காலம் முழுவதும் அண்டம் விரிந்துகொண்டே இருந்ததால், அந்தப் பேரடை இன்று இருக்கும் தொலைவு ஏறத்தாழ 3400 கோடி ஒளியாண்டு. பாதியைக்கூட எட்டாத ஓர் எண்ணைத் தலைப்பில் போட்டுவிட்டு, அதற்கு அறிவியல் கட்டுரை என்று பெயரும் சூட்டுகிறார்கள்.

நேர்கோடு:
அலுப்பு எனக்கும் உண்டு. ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஒளியாண்டு. 1350 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஒளி 1350 கோடி ஒளியாண்டுகளைக் கடந்திருக்கிறது; இதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. அண்டத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள்தாம். அதற்குள் ஒரு பொருள் 3400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் போய்விட்டது என்றால், அது ஒளியையே முந்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஐன்ஸ்டைன் யாருக்கும் தராத சலுகையைச் செம்பெயர்ச்சி அவர்கள் அந்தப் பேரடைக்கு மட்டும் தந்திருக்கிறார் போலும்.

அடிக்குறிப்பு:
இருவரும் "தொலைவு" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் எழுதிவிட்டால் நல்லது. ஒளி பயணம் செய்த காலத்தை வைத்துச் சொல்வது ஒன்று. இன்றைய இடைவெளியைச் சொல்வது இன்னொன்று. அந்த ஒளி புறப்பட்ட கணத்தில் இருந்த இடைவெளியைக் கேட்டால், விடை ஏறத்தாழ 220 கோடி ஒளியாண்டுதான்.

செம்பெயர்ச்சி:
நேர்கோடு அவர்களே, எந்தப் பொருளும் வெளியின் ஊடாக ஒளியைவிட வேகமாகச் செல்ல முடியாது என்பதே விதி. அந்த வெளி தானே விரிவதற்கு அந்த விதி பொருந்தாது. நாம் காணக்கூடிய அண்டத்தின் எல்லை எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டு வரை நீள்வது இதனால்தான். அந்தப் பேரடையின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை அலைநீள வரிசையில் பிரித்துக் காட்டுவதை, படமாகப் பார்த்திருக்கிறீர்களா? ஏறத்தாழ 1.85 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு வலப்பக்கம் ஒளி இருக்கிறது. இடப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமே இல்லை. ஹைட்ரஜன் விழுங்கும் அந்த விளிம்பு, புறப்பட்டபோது 0.1216 மைக்ரானில், ஆழ்ந்த புறஊதாவில் இருந்தது. வந்து சேர்வதற்குள் 15 மடங்கு நீண்டு அகச்சிவப்பாகிவிட்டது. ஒளியின் அலைநீளம் 15 மடங்கு நீண்டதை ஏற்றுக்கொள்வீர்கள். அந்த ஒளி கடந்துவந்த வெளி நீண்டதை மட்டும் மறுப்பீர்கள். 3400 கோடி. மீண்டும் எழுதுகிறேன், 3400 கோடி.

ஹபிள் ரசிகன்:
ஜிஎன்-இசட்11 என்ற பேரடையை 2016-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அளந்து சொன்னபோது எல்லோரும் 1340 கோடி என்றுதான் எழுதினோம். யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. வெப் வந்த பிறகுதான் சிலருக்குத் திடீரென்று துல்லியம் பிறந்திருக்கிறது. 2.4 மீட்டர் ஆடியை வைத்துக்கொண்டு ஹபிள் அன்று செய்ததை 6.5 மீட்டர் ஆடிக்காரர்கள் கொஞ்சம் மரியாதையோடு பேசலாம்.

செம்பெயர்ச்சி:
மரியாதை உண்டு. ஆனால் ஹபிளின் கருவி ஏறத்தாழ 1.7 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. இந்தப் பேரடையின் ஒளி 1.85-இல்தான் தொடங்குகிறது. ஹபிள் எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் அந்த இடத்தில் இருட்டுதான் தெரியும். ஜிஎன்-இசட்11-க்கு ஹபிள் சொன்ன செம்பெயர்ச்சியான (ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டும் எண்) 11.1-ஐயும் பின்னர் வெப் 10.6 என்று திருத்தியது. அன்று எழுதிய 1340 கோடியும் ஒளிப் பயணக் காலம்தான். யாரும் கடிந்துகொள்ளவில்லை என்பதால் அது தொலைவாகிவிடாது.

ஹபிள் ரசிகன்:
11.1 எங்கே, 10.6 எங்கே என்று சிரிக்கிறீர்கள். உங்கள் ஜேட்ஸ் பேரடைக்கே வெப் முதலில் 14.32 என்றது, பிறகு தரையில் இருக்கும் அல்மா தொலைநோக்கி நிறமாலையில் ஆக்சிஜனுக்குரிய கோட்டைக் கண்டு 14.18 என்றது. திருத்தம் எங்களுக்கு வந்தால் பிழை, உங்களுக்கு வந்தால் முன்னேற்றம், அப்படித்தானே?

நேர்கோடு:
திருத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022-இல் சியர்ஸ்-93316 என்ற பேரடையின் செம்பெயர்ச்சி 16.7 ஆக இருக்கலாம் என்று செய்தி வந்த அன்றிரவு, இதே செம்பெயர்ச்சி அவர்கள் இங்கே ஆறு பதிவுகள் எழுதினார். மறு ஆண்டு நிறமாலை எடுத்துப் பார்த்தால் அது வெறும் 4.9. பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்துப் பேரடை என்று கொண்டாடியது, 120 கோடி ஆண்டுகள் கழிந்த பிறகு இருந்த ஒரு தூசி படிந்த பேரடை. அந்த ஆறு பதிவுகளும் இப்போது காணப்படவில்லை. தொலைவைப் பற்றிப் பாடம் எடுப்பவர் இவர்.

செம்பெயர்ச்சி:
அந்தப் பதிவுகளை நான் நீக்கவில்லை. பழைய இழைகள் நகர்த்தப்பட்டபோது போயின. இதை முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். சியர்ஸ் விஷயத்தில் முதலில் கிடைத்தது சில வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களின் ஒளி அளவு மட்டுமே. தூசியும் வலுவான உமிழ்வுக் கோடுகளும் (குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் மிகும் ஒளி) சேர்ந்து, மிகத் தொலைவான பேரடையைப் போல் வேடம் போட்டுவிட்டன. ஜேட்ஸ் பேரடைக்கோ 2024 ஜனவரியில் ஏறத்தாழ பத்து மணி நேரம் நிறமாலை எடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த எண் நிற்கும். அதிலிருந்து வரும் 3400 கோடியும் நிற்கும்.

இடமாறு:
இரண்டு எண்களையும் யாரும் அளக்கவில்லை என்பதை நினைவூட்டுகிறேன். 2013-இல் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை வானத்தை அளந்த கையா விண்கலம் செய்ததற்குத்தான் அளத்தல் என்று பெயர். பூமி சூரியனைச் சுற்றும்போது ஒரு விண்மீன் வானில் இம்மியளவு இடம் மாறித் தெரிகிறது. அந்தக் கோணத்தைக் கண்டால் தொலைவு கையில் கிடைத்துவிடும். 140 கோடிக்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகளுக்கு அது கோணம் கண்டு தந்திருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரு செம்பெயர்ச்சி எண்ணைக் கணித மாதிரி ஒன்றில் போட்டு, வெளியே வரும் எண்ணுக்காகச் சண்டையிடுகிறீர்கள். அந்த மாதிரிக்குத் தேவையான, அண்டம் விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியே, பெருவெடிப்பின் எஞ்சிய ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவில் 67 என்றும், ஒளி சீராகக் கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்கள் வழியாக வந்தால் 73 என்றும் கிடைக்கிறது.

நேர்கோடு:
கேட்டீர்களா? 3400 கோடி என்பது மாதிரியைப் பொறுத்த எண். நான் சொன்ன 1350 கோடி என்பது ஒளி உண்மையிலேயே நடந்த நடை.

செம்பெயர்ச்சி:
நடந்த நடையை எந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தீர்கள்? உங்கள் 1350 கோடியும் அதே மாதிரியிலிருந்து, அதே மாறிலியைப் போட்டு வந்ததுதான். இடமாறு அவர்கள் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதால் உங்கள் கணக்கு பிழைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை அண்டத்தின் விளிம்பு வரை இழுத்துச் சென்றதுதான் பிழை. கையாவைக் கொண்டுவந்து இங்கே நிறுத்துவதிலும் பொருளில்லை. நம் பேரடையிலேயே மறுகோடியில் இருக்கும் விண்மீன்களுக்கு அதன் கோணம் தடுமாறுகிறது. ஜேட்ஸ் பேரடைக்கு அது எந்தக் கோணத்தைக் காட்டும்?

இடமாறு:
கையா தடுமாறுகிறதா? தடுமாற்றம் எவ்வளவு என்பதையும் சேர்த்து ஒவ்வோர் அளவுக்கும் பிழை வரம்பு தரும் விண்கலம் அது. அந்த நேர்மை இந்த இழையில் யாரிடமும் இல்லை.

அடிக்குறிப்பு:
நான் எழுதிய 220 கோடியை யாராவது பார்த்தீர்களா? வானில் அந்தப் பேரடை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை அந்தத் தொலைவுதான் தீர்மானிக்கிறது. அதன் குறுக்களவு 1600 ஒளியாண்டுக்கு மேல் என்று கணக்கிட்டதும் அதை வைத்துத்தான்.

நேர்கோடு:
ஏற்கெனவே இருக்கும் இரண்டு எண்களே போதாதென்று மூன்றாவதும் வந்துவிட்டதா? 3400 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து 1350 கோடி ஆண்டுகளில் ஒளி எப்படி வந்தது என்ற என் முதல் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

செம்பெயர்ச்சி:
வந்துவிட்டது. இரண்டு முறை வந்துவிட்டது. ஒளி புறப்பட்டபோது அது 3400 கோடியில் இல்லை; பிறகுதான் அங்கே போனது. படிக்க மனமில்லாதவருக்கு மூன்றாம் முறை எழுதினாலும் அதே கதிதான்.

ஹபிள் ரசிகன்:
நீங்கள் இருவரும் சண்டையிடுவதற்குள், அறியப்பட்டவற்றிலேயே மிகத் தொலைவானது என்ற அந்தப் பேரடையின் பட்டமே போய்விட்டது. 2025-இல் மாம்-இசட்14 வந்துவிட்டது. செம்பெயர்ச்சி 14.44, பெருவெடிப்புக்குப் பின் 28 கோடி ஆண்டுகள்.

நேர்கோடு:
தகவலுக்கு நன்றி. "1350 கோடி ஒளியாண்டு தொலைவில் புதிய சாதனைப் பேரடை" என்ற தலைப்பில் தனி இழை தொடங்கிவிட்டேன்.

செம்பெயர்ச்சி:
அங்கேயும் வருகிறேன். தலைப்பை இப்போதே 3400 கோடி என்று மாற்றிவிடுங்கள்.