வாவிக்கு அக்கரையில் வேலை, இக்கரையில் மூன்று பிள்ளைகள்

வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். படிப்பிப்பது மண்டூருக்கு அப்பால் ஒரு பாடசாலையில். இடையில் மட்டக்களப்பு வாவி. காலையில் குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஏற்றி அக்கரையில் இறங்குவேன். பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளி சுற்றியும் போகலாம், ஆனால் நேரமும் பெற்றோலும் கூடுதலாகப் போகும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டபோது என் இரண்டாவது மகன் கைக்குழந்தை. அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது இந்தப் பாதைதான்.

இப்போது மூன்றாவதாக ஒரு மகள் பிறந்திருக்கிறாள். "அக்கரையில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தால் இந்த அலைச்சல் இல்லையே" என்று கேட்காதவர் இல்லை. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்குத் தாய்வீட்டு வளவிலோ அருகிலோ வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். அந்த வழக்கத்தின் பெறுமதி பிள்ளைகள் பிறந்த பிறகே எனக்கு முழுதாக விளங்கியது. அரச ஊழியரான தகப்பனுக்குக் குழந்தை பிறந்தால் 3 நாள் விடுமுறை. மூன்றே நாள்! தாய் சரியாக எழுந்து நடமாடுவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. நான் பாதையில் ஏறிப் போன பிறகு மாமி சரக்கு அரைத்துப் பத்தியக்கறி சமைத்தார். மச்சாள் மூத்தவளை முன்பள்ளிக்குக் கூட்டிப் போனாள். அயலில் இருந்த சின்னம்மா குழந்தையைக் குளிப்பாட்டினார். இத்தனை பேரையும் விட்டுவிட்டு, மனைவியை மூன்று குழந்தைகளோடு தெரியாத ஊரில் தனியே இருத்த எனக்கு மனம் வரவில்லை. அலைச்சல் என்னோடு போகட்டும்.

துறையில் பழக்கமான ஒரு பெத்தாவை (பாட்டியை) பற்றிச் சொல்ல வேண்டும். மண்டூர்ப் பக்கத்தில் இருந்து மரக்கறிக் கூடையோடு சந்தைக்கு வருகிறவர். காலையில் நான் ஏறக் காத்திருக்கும்போது அவர் இறங்குவார். பின்னேரம் நான் இறங்கும்போது அவர் ஏறுவார். எங்கள் பேச்செல்லாம் அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குள்தான். மகள் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட, இரண்டு பேரப்பிள்ளைகளையும் இவரே வளர்க்கிறார். விடுமுறை முடிந்து நான் துறைக்கு வந்த அன்று, "பெண்சாதி பெற்றுவிட்டாளா மகன்?" என்று கேட்டார். மறுநாள் கூடையின் அடியில் இருந்து ஒரு பொதியை எடுத்து என் கையில் வைத்தார். முருங்கையிலையும் கொஞ்சம் பச்சைப்பெருமாள் அரிசியும். காசை நீட்டினேன். "பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுப்பதற்கு யாராவது காசு வாங்குவார்களா?" என்று சொல்லிவிட்டுச் சந்தைப் பக்கம் நடந்தார். அவருடைய பெயர் கூட எனக்குத் தெரியாது. மாமி அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சினார்.

போன கிழமை பாதையில் ஒரு புதிய ஆசிரியர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். மனைவிக்கு இது முதல் பிள்ளை, இடமாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள் என்றேன். கிளினிக் நாள்களை முன்கூட்டியே அதிபரிடம் சொல்லி வையுங்கள். 2, 4, 6 மாதத் தடுப்பூசிகளுக்கு நீங்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வரலாம், அன்றைக்குத் தாயைத் தனியே கண்விழிக்க விடாதீர்கள். இறங்கும் வரைக்கும் அவர் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் இதையெல்லாம் கேட்கிற ஒருவர் கிடைத்ததில் மிகுந்த சந்தோசம்.

மாரிதான் பெரிய சோதனை. கார்த்திகை, மார்கழியில் வாவி பெருகிக் காற்றும் அடித்தால் பாதை ஓடாது. சுற்றிப் போகும் வீதியிலும் வெள்ளம் நிற்கும். அப்படி ஒரு நாள் அக்கரையில் சக ஆசிரியர் வீட்டில் தங்க நேர்ந்தது. மூத்தவள் தொலைபேசியில் "அப்பா, பாதை எப்போது வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் கிடைத்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். குருமண்வெளிக்கும் ஒரு பாலம் வேண்டும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து பிரசவத்துக்கு வருகிற பெண்களுக்கு என்னைவிட அது அவசரமான தேவை.

குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையால் போய்வருகிற தகப்பன்மார் யாராவது இருந்தால் எழுதுங்கள். மாரிக்காலத்தில் வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது நீங்கள் என்ன ஒழுங்கு செய்கிறீர்கள்? கார்த்திகைக்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.