ஹகுரோ மலை: உச்சிக்குப் பேருந்தில் போவது தரிசனம் ஆகுமா?

செம்பாலம்:
ஜப்பானின் யமகாதா மாநிலத்திலுள்ள தேவா சான்சான் என்னும் முப்புனித மலைகளைப் பற்றி இம்மன்றத்தின் உறுப்பினர் நெடுவழி அண்மையில் எழுதிய பதிவில், “ஹகுரோவின் உச்சிவரை பேருந்து போகிறது; மூன்று மலைத் தெய்வங்களும் அங்கே ஒரே மண்டபத்தில் இருப்பதால், 2,446 கற்படிகளில் நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை” என்று கூறியிருக்கிறார். புதிதாகச் செல்வோரைத் தவறான வழியில் திருப்பும் இந்த வரியைப் படித்துவிட்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை. கீழேயுள்ள சுயிஷின்மோன் வாயிலைக் கடந்தால்தான் ஹராய் ஆற்றின் மீதுள்ள சிவப்புப் பாலமும், ஆயிரம் ஆண்டு கடந்ததாகச் சொல்லப்படும் தாத்தா தேவதாருவும், வண்ணம் பூசாத மரத்தாலான ஐந்தடுக்குக் கோபுரமும் வரும். அதற்கு மேல் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நின்ற மரங்களுக்கிடையே மூன்று ஏற்றங்கள் உண்டு. பேருந்தில் போனவர் வாகன நிறுத்துமிடத்திலிருந்து மண்டபம் வரை நடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நெடுவழி:
கோபுரத்தைப் பார்க்க வேண்டாமென்று நான் எங்கும் எழுதவில்லை. வாயிலிலிருந்து பத்து நிமிட நடையில் அதைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்து பேருந்து ஏறலாம். மற்ற இரு மலைகளான கஸ்ஸானும் யுதோனோவும் குளிர்காலத்தில் பனியால் மூடப்பட்டுவிடுவதால், மூன்று தெய்வங்களையும் ஹகுரோ உச்சியில் ஒருசேர வழிபட ஏற்பாடு செய்தவர்கள் அம்மலையினரே. இரண்டு மீட்டருக்கும் மேல் தடித்த புல்கூரையோடு இன்று நிற்கும் மண்டபம் 1818இல் கட்டப்பட்டது. அவர்கள் செய்த ஏற்பாட்டை ஏற்க மறுக்கும் உரிமையைச் செம்பாலத்துக்கு யார் அளித்தார்கள்? மேலும், வாயிலைக் கடந்ததும் வழி முதலில் கீழே இறங்குகிறது. ஆகவே 2,446 படிகளை “ஏறியவர்” எவருமில்லை. பிறருக்குப் பாடம் எடுப்பவர் தம்முடைய கணக்கை முதலில் சரிசெய்துகொள்ளட்டும்.

செம்பாலம்:
வாயிலிலிருந்து உச்சிவரை உள்ள படிகளின் எண்ணிக்கை 2,446. அதில் இறக்கமும் அடக்கம் என்பது அங்கே நடந்த அனைவருக்கும் தெரியும். நான் “நடந்து” என்றுதான் உங்கள் வரியை எடுத்துக்காட்டினேன், “ஏறி” என்று எழுதவில்லை. இறங்கினாலும் படி படிதான்.

ஆடிக்காற்று:
இருவரும் படிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பேரரசர் சுஷுனின் மகனான இளவரசர் ஹச்சிகோ 593இல் இம்மலையைத் திறந்தார் என்பது மரபு. தென்யூ என்னும் தலைமைத் துறவி கற்படிகளைப் பாவத் தொடங்கியதோ 1648இல். வேலை முடியப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வந்து வணங்கியவர்கள் ஒரு கற்படியைக்கூட மிதிக்கவில்லையே, அவர்களுடைய தரிசனமும் செல்லாதா? எண்பதை நெருங்கும் என் தாயாரை நான் பேருந்தில்தான் அழைத்துச் சென்றேன். அவர் அந்த மண்டபத்தின் முன் கைகூப்பி நின்றதை வாகன நிறுத்துமிட நடை என்று சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

செம்பாலம்:
தங்கள் தாயாரைப் பற்றி நான் ஒரு சொல்லும் கூறவில்லை. முடியாதவர்களுக்காகத்தான் பேருந்து இருக்கிறது. நன்றாக நடக்கக்கூடியவரிடம் “தேவையில்லை” என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். கல் பாவுவதற்கு முன் வந்தவர்களும் மண்ணிலும் வேரிலும் கால் பதித்து நடந்துதான் வந்தார்கள் என்பதால், ஆடிக்காற்று காட்டும் வரலாறு என் பக்கமே நிற்கிறது. யமபுஷி என்னும் மலைத் துறவிகளுக்கு ஹகுரோ இவ்வுலகம், கஸ்ஸான் இறந்தோர் உலகம், யுதோனோ மறுபிறப்பு. நடையே அங்கு வழிபாடாக இருக்கும்போது நடையை நீக்கிவிட்டு எதை வழிபடுவது? படிக்கற்களில் சாக்கே என்னும் அரிசி மதுவின் கிண்ணம், சுரைக்குடுவை எனச் செதுக்கிய உருவங்கள் 33 உள்ளன. அனைத்தையும் கண்டுபிடிப்பவரின் விருப்பம் நிறைவேறும் என்பர். இரண்டாம் ஏற்றத்தின் தேநீர்க்கடையில் மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தைத் தின்றபடி ஷோனாய் சமவெளியைப் பார்த்தவர் எவரும் “தேவையில்லை” என்று எழுதமாட்டார். இன்னொன்றும் கேட்கிறேன்: யுதோனோவில் கண்டதை வெளியே சொல்லலாகாது என்பது பழைய விதி. 1689இல் அங்கு சென்ற கவிஞர் பாஷோவும் அதை மதித்தார். நெடுவழியோ அங்குள்ள புனிதப் பொருளின் நிறம்வரை தம் பதிவில் எழுதிவைத்திருக்கிறார்.

நெடுவழி:
புகைப்படம் எடுக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடித்தேன், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடந்தேன். பேருந்தைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்காதபோது யுதோனோவுக்குத் தாவுவது உங்கள் வழக்கம்.

மூங்கில்நிழல்:
ஜப்பானின் இன்னொரு புனித மலையான கோயாசானைப் பற்றி இங்கே நடந்த விவாதத்தை யாரும் மறந்துவிடவில்லை. குதோயாமா அடிவாரத்திலிருந்து கல்தூண்கள் வழிகாட்டும் பழைய யாத்திரைப் பாதை இருக்கையில், கேபிள் காரில் ஏறிச் சென்றதைப் பல பத்திகளில் புகழ்ந்தவர் இதே செம்பாலம். அந்த நடைபாதையை நான் பரிந்துரைத்தபோது “நேரம் உள்ளவர்களுக்கு” என்று ஒற்றை வரியில் என்னை ஒதுக்கினார். கோயாசானில் நடை வழிபாடு இல்லையா?

செம்பாலம்:
கோயாசானில் நான் காண விரும்பியது ஓக்குனோயின் கல்லறைக் காடு. அதை முதல் பாலத்திலிருந்து இறுதிவரை நடந்தே கண்டேன். ஹகுரோவில் காண வேண்டியதே அந்தப் படிவழிதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பழைய கணக்கைத் தீர்க்க நினைக்கிறார் மூங்கில்நிழல்.

மூங்கில்நிழல்:
அதாவது, நீங்கள் நடந்த இடத்தில் மட்டும் நடை கட்டாயம்.

செம்பாலம்:
நான் நடந்ததால் அன்று; அது 2,446 படிகள் கொண்ட யாத்திரை வழி என்பதால். கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1868க்குப் பின் புத்த மதத்தையும் ஷிந்தோவையும் அரசு பிரித்தபோது இம்மலையிலிருந்த புத்தக் கட்டடங்கள் பல அழிந்தன. சுமார் 600 ஆண்டுகளாக நிற்கும் அந்தக் கோபுரம் தப்பியது. 1966இல் தேசியச் செல்வமானது. அதைப் பார்த்துவிட்டு, மேலே ஏறாமல் பேருந்துக்குத் திரும்பச் சொல்லும் யோசனையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நெடுவழி:
ஏற்க வேண்டாம். ஆனால் இந்த மன்றத்தில் நீங்கள் எழுதிய கஸ்ஸான் பதிவை இப்போதுதான் மீண்டும் படித்தேன். 1,984 மீட்டர் உயரமுள்ள மலையில், அடிவாரம் முதல் உச்சிவரை பத்தாகப் பிரித்த வழியின் எட்டாம் நிலையிலுள்ள சதுப்பு நிலத்திலிருந்துதான் உங்கள் நடை தொடங்குகிறது. கோடையில் அந்த எட்டாம் நிலைவரை பேருந்து ஓடுகிறது. ஹகுரோ அடிவாரத்திலிருந்து அதுவரை நீங்கள் எதில் போனீர்கள் என்பதைப் பதிவின் எந்த வரியிலும் காணோம். நடையே வழிபாடு என்பவர் இதற்கு முதலில் விடை சொல்லட்டும்.